ஏழாவது கேள்விக்கு ஐந்து

செப்டம்பர் 9, 2014

அன்புள்ள லுவெல்லா,

எங்கள் பட்டியலில் மின்னஞ்சல் இல்லாத ஒரே தாய் நீங்கள்தான் என்று அலுவலகத்தில் என்னைக் கேலி செய்கிறார்கள். பரவாயில்லை. என் மேசை இழுப்பறை நிறையத் தபால் தலைகள் இருக்கின்றன.

விஷயம் இதுதான். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கென்று நான் இந்த மிருகக்காட்சிசாலையில் பதினெட்டு வருடமாக நடத்திவரும் செவ்வாய்க்கிழமை வகுப்பு உருப்படியாக நடக்கிறதா என்று நிர்வாகத்துக்குத் திடீரென்று சந்தேகம் வந்திருக்கிறது. வெளியூரிலிருந்து யாரோ ஒருவரை வரவழைத்து அளந்து பார்க்க நினைத்தார்கள். நான் சண்டை போட்டேன். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைக் கேளுங்கள், ஜூன் மாதம் பிள்ளைகளின் நோட்டுகளைப் படித்துச் சான்று கொடுக்கும் ஆசிரியைகளைக் கேளுங்கள், மிருகக்காட்சிசாலைக்கு வருடத்தில் ஒருநாள் வந்துபோகிறவருக்கு என்ன தெரியும் என்றேன். ஆச்சரியம், ஒப்புக்கொண்டார்கள்.

பன்னிரண்டு குடும்பங்கள், இரண்டு ஆசிரியைகள். இத்துடன் படிவம் இருக்கிறது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஏழாவது கேள்வியைப் பாருங்கள்: "ஆசிரியர் விலங்கையும் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்திருக்கிறாரா?" அலுவலகம் அதை எடுத்துவிடச் சொன்னது. நான் விடவில்லை.

குடும்பங்களின் பக்கம் நீங்கள் தலைமை ஏற்க வேண்டும். எல்லோரும் வகுப்பின் போது பின்னல் ஊசியோடு இருப்பார்கள், நீங்கள் மட்டும் பென்சிலோடு இருப்பீர்கள். அதனால்தான் கேட்கிறேன். என்னைக் காப்பாற்ற வேண்டாம். பார்த்ததை எழுதுங்கள்.

ஆர்டித்

*

அக்டோபர் 20, 2014

கர்த்தருக்குள் பிரியமான ஆர்டித் அவர்களுக்கு,

சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் சபைக்குப் போகிறவர் இல்லை என்றாலும் உங்கள் பெயர் என் ஜெபக் குறிப்பில் ஆறு வருடமாக இருக்கிறது. கோபிக்க வேண்டாம்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தவளையின் இருதயத்துக்கு மூன்று அறைகள் என்பதையே என் பிள்ளைகளோடு சேர்ந்துதான் தெரிந்துகொண்டேன். என்னைப் போய்த் தலைமை ஏற்கச் சொல்கிறீர்கள். இருந்தாலும் ஏற்கிறேன்.

சபைச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது மற்றத் தாய்மார்களிடம் படிவத்தைக் காட்டினேன். மார்லீஸ் ப்ரூபேக்கருக்கு முகமே சுருங்கிவிட்டது. "வருஷா வருஷம் மாவட்டக் கல்வி ஆபீஸ்காரங்க நம்மள அளக்குறாங்க. பத்தாததுக்கு இப்போ நம்ம கையிலயே அளவுகோல குடுத்து இன்னொருத்தர அளக்கச் சொல்றாங்களா?" என்றாள். "அஞ்சு போட்டா ஆர்டித்துக்கு நல்லதுதானே?" என்றது ஒரு குரல். "அப்போ ஆறு போடலாமான்னு கேளுங்க" என்றாள் என் நாத்தனார். சோப்பு நுரையோடு சிரித்தோம். ஆனால் சிரிப்புக்கு அடியில் பயம் இருந்தது. படிவம் என்றாலே எங்களுக்கு அப்படித்தான்.

2011ஆம் வருடத்தை நீங்கள் மறந்திருப்பீர்கள். என் மூத்தவளின் அறிவியல் பாடம் போதாது என்று மாவட்டத்தார் திருப்பி அனுப்பியபோது, அவள் உங்கள் வகுப்பில் கற்றதையெல்லாம் வரிசையாக எழுதி மூன்று பக்கக் கடிதம் கொடுத்தீர்கள். அது இல்லையென்றால் அவள் அடுத்த வாரமே பள்ளிப் பேருந்தில் ஏறியிருப்பாள்.

போன செவ்வாய் பருந்தின் காலைப் பற்றிய பாடம் மிக நன்றாக இருந்தது. மார்லீஸின் மகள் கேத்தூரா, எட்டு வயதுதான், அந்தக் காலின் ஒவ்வொரு செதிலையும் வரைந்திருக்கிறாள். எல்லாவற்றையும் என் நோட்டில் தேதி போட்டு எழுதிவருகிறேன்.

இன்னொன்று எழுத நினைத்தேன். அவசியமில்லை என்று தோன்றுகிறது. முடிந்தால் மூக்குக்கண்ணாடியை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

லுவெல்லா ஷெங்க்

*

ஜனவரி 8, 2015

லுவெல்லா,

படிவங்கள் வந்து சேர்ந்தன. பன்னிரண்டு குடும்பம், பத்துக் கேள்வி, நூற்றிருபது ஐந்துகள். ஒரு நான்குகூட இல்லை. வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஐந்து! நவம்பரில் உங்கள் வேன் அங்கேதான் சேற்றில் புதைந்து நான்கு பேர் தள்ளினோம், என் பூட்ஸ் இன்னும் காயவில்லை.

எங்கள் மேலாளருக்கு ஒரே குஷி. "ஆர்டித், உங்களுக்குச் சிலையே வச்சிடலாம் போல" என்றார். "சிலைக்கு வகுப்பெடுக்க வராது" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சான்று கொடுக்கும் ஆசிரியைகள் இருவரும் மூன்றும் நான்கும் போட்டு, பிள்ளைகள் எழுதுவது குறைவு, வரைவது அதிகம் என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். அதை வைத்து ஒரு பாடத்தைத் திருத்த முடியும். ஆனால் அவர்கள் பார்த்தது நோட்டுகளை. வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள் நீங்கள். உங்கள் ஐந்துகளை வைத்து நான் என்ன செய்வது?

பன்னிரண்டு பேனாக்கள் தாமாகவே ஒரே எண்ணை எழுதாது. நீங்கள் ஏதாவது சொன்னீர்களா?

உங்கள் நோட்டை அனுப்புங்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

ஆர்டித்

*

ஜனவரி 19, 2015

பிரியமான ஆர்டித்,

உங்களிடம் மறைக்க மாட்டேன். நான்தான் சொன்னேன். கொட்டகையில் இருக்கும் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்து, எல்லாவற்றுக்கும் ஐந்து போடுங்கள் என்றேன். மார்லீஸ் மட்டும், "ஏழாவதுக்கு என்ன போடுறது? எனக்குச் சரியாத் தெரியலையே" என்று தயங்கினாள். "தெரியலைன்னா அஞ்சு" என்றேன்.

நீங்கள் எங்கள் நிலையில் இருந்து பாருங்கள். வருடா வருடம் எங்கள் பிள்ளைகளின் எழுத்தையும் கணக்கையும் தூக்கிக்கொண்டு போய், போதுமா போதுமா என்று அந்நியர் முகத்தைப் பார்த்து நிற்கிறோம். ஒரே ஒரு வரி குறைவாக எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டுகிறார்கள். காகிதத்தில் ஒருவரைப் பற்றி ஒரு குறை எழுதினால் அது எங்கே போய் எப்படித் திரும்பும் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்காக நின்ற ஒருவரை எங்கள் கையெழுத்தாலேயே காட்டிக்கொடுக்க எங்களால் முடியாது.

நோட்டை அனுப்ப இயலாததற்கு மன்னியுங்கள். அதில் என் ஜெபக் குறிப்புகளும் ஊறுகாய் அளவுகளும் கலந்து கிடக்கின்றன. நீங்கள் நல்ல ஆசிரியை. இதற்குமேல் என்ன வேண்டும்?

லுவெல்லா

*

மார்ச் 2, 2015

லுவெல்லா,

வியாழக்கிழமை கேத்தூராவின் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தொலைபேசியில் யாரோ சொன்னார்கள். மருத்துவமனைக்குப் போகக்கூடாது, குடும்பத்தோடு பேசக்கூடாது என்று அலுவலகத்தின் உத்தரவு. விசாரணை முடியும்வரை நான் வீட்டில் இருக்க வேண்டும். பருந்தைத் தனிக்கூண்டில் அடைத்திருக்கிறார்கள்.

ப்ரூபேக்கர் குடும்பத்துக்கு நிர்வாகம் அனுப்பிய கடிதத்தின் நகல் எனக்கும் வந்தது. சிறுமி தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டினாள் என்று எழுதியிருக்கிறார்கள். பாதுகாப்பில் எந்தக் குறையும் இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகக் குடும்பங்களின் படிவங்களை இணைத்திருக்கிறார்கள். மார்லீஸுக்கே மார்லீஸின் ஐந்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆறு நாளாக அந்த ஒரு நிமிடத்தையே ஓட்டிப் பார்க்கிறேன். பருந்து எப்போதும்போல என் இடது கையுறையில். அதன் காலில் கட்டிய தோல்வார் என் விரல்களுக்கு நடுவில். வலப்பக்கம் ஓர் அண்ணனும் தங்கையும் ஏதோ கேட்டார்கள். பருந்து பாய்ந்தது. அலறல். திரும்பினால் கேத்தூரா. என் முழங்கைக்குப் பக்கத்தில், லுவெல்லா. கைக்கெட்டும் தூரம். அங்கே வந்து நின்ற குழந்தையை நான் எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

நீங்கள் பின்வரிசையில் இருந்தீர்கள். பென்சிலோடு. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், என்ன பார்த்தீர்கள்?

ஆர்டித்

*

மார்ச் 17, 2015

ஆர்டித்,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளுக்குமேல் ஆகிறது. பதில் எழுதத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகள் சபையில் எழுந்து பாவ அறிக்கை செய்யும் வழக்கம் எங்களிடம் இல்லை. கேத்தூராவின் தகப்பன் நெவின்தான் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறார். மிருகக்காட்சிசாலையின் கடிதத்தை அவர் மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். "எழுத்துல வந்திருக்கு, சகோதரி. கீழ்ப்படியலைன்னா என்ன ஆகும்னு அவ இப்பவே தெரிஞ்சுக்கணும்" என்று என்னிடம் சொன்னார். கொடுமைக்காரர் அல்ல. அவர் குரல் உடைந்திருந்தது. அந்த மனுஷன் அச்சடித்த தாளை நம்புகிறார், அவ்வளவுதான்.

அவள் எழுந்து நின்றாள். பாதி முகத்தில் கட்டு. "நான் கோட்டைத் தாண்டினேன். மிஸ் ஆர்டித் சொன்னதைக் கேக்கல. எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றாள். ஒப்பித்தது போல் தெளிவாகச் சொன்னாள். சபை மன்னித்தது. நான் ஒருத்திதான் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன்.

என் நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

அக்டோபர் 14. பருந்துப் பாடம். இடப்பக்கம் உட்கார்ந்த மூன்று பிள்ளைகள் கை தூக்கினார்கள். ஆர்டித் ஒருவரையும் அழைக்கவில்லை. வலப்பக்கம் ஏழு பேரை அழைத்தார்.

நவம்பர் 18. முள்ளம்பன்றிப் பெட்டியை வைக்கும்போது இடப்பக்கம் நின்ற நாற்காலியில் இடித்துக்கொண்டார். "யார் இதை இங்க போட்டது?" என்றார். நாற்காலி காலையிலிருந்து அங்கேதான் இருந்தது.

ஜனவரி 13. என் சின்னவள் இடப்பக்கமாக நடந்து அவர் பின்னால் போய்விட்டாள். ஆர்டித் பார்க்கவில்லை. நான் போய் இழுத்து வந்தேன். அவர் கையில் பருந்து இருந்தது.

பிப்ரவரி 24. இடப்பக்கம் நின்ற கேத்தூரா, "இன்னும் கிட்ட வரலாமா மிஸ்?" என்று கேட்டாள். அதே நேரம் வலப்பக்கச் சிறுமி ஏதோ கேட்டாள். ஆர்டித் அந்தச் சிறுமியைப் பார்த்து "ம்" என்று தலையசைத்தார். கேத்தூரா தனக்கென்று நினைத்துக் கோட்டைத் தாண்டினாள்.

அவள் கேட்டுவிட்டுத்தான் வந்தாள், ஆர்டித். கேட்டாள். தலையசைவு கிடைத்தது. வந்தாள்.

உங்களுக்கு இடப்பக்கம் தெரியவில்லை என்று எனக்கு அக்டோபரிலேயே சந்தேகம். ஜனவரியில் நிச்சயம். அதற்கு ஆறு நாள் கழித்துத்தான் உங்களுக்கு "இதற்குமேல் என்ன வேண்டும்" என்று எழுதினேன்.

லுவெல்லா

*

ஏப்ரல் 6, 2015

லுவெல்லா,

நானும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் கோடையில் என் காரின் இடப்பக்கக் கண்ணாடியை இரண்டு முறை உடைத்தேன். படிக்கட்டின் கைப்பிடியில் தோளை இடித்துக்கொண்டே இருந்தேன். வயதாகிறது என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் உள்ளே ஒரு பயம். கண் பரிசோதனைக்குப் போனால் அலுவலகத்துக்குத் தெரியும், தெரிந்தால் கையிலிருந்து பறவையை வாங்கிவிடுவார்கள். அதனால் கோழைத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். என்னை வாரா வாரம் பார்க்கிறவர்களைக் கேட்கலாம், அவர்கள் குறை சொன்னால் விலகிவிடலாம், சொல்லாவிட்டால் எல்லாம் என் கற்பனை. ஏழாவது கேள்வி நிர்வாகத்துக்காக எழுதியது அல்ல. நான் உங்களிடம் கேட்டது.

பன்னிரண்டு ஐந்துகள் வந்தன. எரிச்சல்பட்டேன், உண்மை. ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் கண் மருத்துவரிடம் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய். இடப்பக்கம் அநேகமாகப் போய்விட்டது. வலப்பக்கமும் தொடங்கியிருக்கிறது. "எதுல வந்தீங்க?" என்று கேட்டார். "கார்ல." "நீங்களா ஓட்டினீங்க?" "ஆமாம்." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திரும்பிப் போக டாக்ஸியை அவரே அழைத்தார். போனது திரும்பாதாம். சொட்டு மருந்தால் இருப்பதைக் காப்பாற்றலாமாம். "இலையுதிர் காலத்துலயே வந்திருந்தா இன்னும் நிறைய மிஞ்சியிருக்கும்" என்றார்.

இலையுதிர் காலத்தில் எனக்கு உங்களிடமிருந்து கிடைத்தது, மூக்குக்கண்ணாடியை மாற்றுங்கள் என்ற ஒரு வரி.

நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் காப்பாற்றியது உங்கள் நன்றியை. என் கண்ணும் அந்தக் குழந்தையின் கண்ணும் அதற்கு விலையாகப் போயின. நான் நிரபராதி இல்லை. பயத்தை மறைத்துக்கொண்டு பறவையைக் கையில் எடுத்தவள் நான். ஆனால் நான் கேட்டேன், லுவெல்லா. மூன்று முறை கேட்டேன்.

நோட்டை அலுவலகத்தில் கொடுங்கள். என் வேலை போகும், போகட்டும். அந்தக் குழந்தை அனுமதி கேட்டுவிட்டு வந்தாள் என்பது உலகத்தில் உங்கள் ஊறுகாய் அளவுகளுக்கு நடுவில் மட்டும்தான் எழுதியிருக்கிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஆர்டித் நோவாட்னி

*

மே 12, 2015

ஆர்டித் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும். படிக்காமல் எறிந்தாலும் சரி.

உங்கள் கடிதம் கிடைத்த வாரமே நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் என் படிவத்தை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "மிஸஸ் ஷெங்க், இது உங்க கையெழுத்தா?" என்றார். ஆமாம் என்றேன். "இதுவும் உங்க கையெழுத்துதானா?" ஆமாம் என்றேன். "இதுல எதை நான் நம்பணும்?" என்றார். வக்கீல் ஒருவர் பக்கங்களை நகல் எடுத்தார், ஊறுகாய்ப் பக்கம் உட்பட.

மூன்று வாரம் கழித்து எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை வகுப்பு நிறுத்தப்படுகிறது. நடந்ததற்கான காரணம் மறுபரிசீலனையில் இருக்கிறது. கேத்தூரா அனுமதி கேட்டாள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. உங்களை நீக்கிவிட்டார்கள் என்பதை டிக்கெட் கொடுக்கும் பெண் சொல்லித்தான் அறிந்தேன்.

தாய்மார்கள் என்னோடு பேசுவதில்லை. "அஞ்சு போடச் சொன்னதும் நீங்க. இப்போ எங்க எல்லாரையும் பொய்க்காரி ஆக்கினதும் நீங்க" என்றாள் என் நாத்தனார். அவள் சொன்னதில் பிழை இல்லை.

அந்தக் கடிதம் சொல்லாததை நானே சொல்ல வேண்டும் என்று ப்ரூபேக்கர் வீட்டுக்குப் போனேன். மார்லீஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நோட்டில் இருந்ததைச் சொன்னேன். தொலைபேசியில் அவள் தயங்கியபோது நான் சொன்னதையும் சொன்னேன். "எனக்கு ஞாபகம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நெவின் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அது முடிஞ்சுபோன விஷயம், சகோதரி. சபை அவளை மன்னிச்சிடுச்சு. மறுபடி கிளற வேண்டாம்" என்றார். "மன்னிக்க அதுல ஒண்ணுமே இல்லையே, சகோதரரே" என்றேன். அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கேத்தூரா மேசையடியில் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து, "நீ கேட்டுட்டுத்தான் போன. நான் பார்த்தேன். உன்மேல தப்பு இல்ல" என்றேன். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் பயந்துவிட்டாள்.

"அப்போ நான் சபையில சொன்னது பொய்யா?" என்றாள்.

"நான் மறுபடி எழுந்து நிக்கணுமா, மிஸஸ் ஷெங்க்?"

"நீ நிக்க வேண்டாம். நான் நிக்கிறேன்" என்றேன்.

நேற்று முன்தினம் நின்றேன். பொய்ச்சாட்சி எழுதினேன், மற்றவர்களையும் எழுதவைத்தேன், ஒரு குழந்தை செய்யாத பாவத்துக்கு இந்த இடத்தில் எழுந்து நிற்கும்போது வாய் மூடி உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். போதகர் சபையைப் பார்த்தார். சபை தலையசைத்தது. ஐந்து நிமிடத்தில் எனக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மன்னித்த விஷயத்தை இனி யாரும் எடுக்கக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. என்னோடு பேசாத பெண்கள்கூட வழக்கப்படி வரிசையில் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

வரிசையின் கடைசியில் கேத்தூரா வந்தாள். யாரும் அனுப்பவில்லை, தானாக வந்தாள். கையை நீட்டினாள். ஒரே கண்ணால் பார்க்கும்போது தூரம் சரியாகப் பிடிபடாது போலிருக்கிறது. அவள் கை என் கைக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே நின்று, வெறும் காற்றைப் பிடித்துக் குலுக்கியது. அவள் முகத்தில் பெரியவர்களின் அந்த மரியாதை இருந்தது. தவறவிட்டது அவளுக்குத் தெரியவில்லை.

நான்தான் கையை நகர்த்திக்கொண்டுபோய்ப் பிடித்தேன்.

லுவெல்லா ஷெங்க்